தபால் வேலையும் மணி வேலையும்

(எமது சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், கைத்தொலைபேசிச் செயலிகளை உருவாக்கும் பழைய மாணவி ஒருவர் கல்லூரி மண்டபத்தில் நிகழ்த்திய உரை.)



"எங்களுக்கும் விளங்கக்கூடிய மாதிரி கணினியைப் பற்றி ஏதேனும் பேசும்" என்று சங்கச் செயலாளர் அக்கா கேட்டுக்கொண்டார். செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்டது அதைவிட மிகச் சிறிய விடயம். நீங்கள் போனை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுகிறீர்கள். திரை அணைந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் சில செயலிகள் குறித்த இடைவெளியில் எழும்பி ஒரு வேலையைச் செய்யவேண்டியிருக்கிறது. ஒன்று புதிய மின்னஞ்சல் வந்ததா என்று பார்க்கிறது. இன்னொன்று படங்களைப் பிரதியெடுத்து வைக்கிறது. வேறொன்று மழை வருமா என்று கேட்டு வைக்கிறது. இவற்றைப் பின்னணிப் பணிகள் என்போம். இதில் நான் விட்ட பிழையொன்று என் தாயாரை வைத்தியசாலை வரை கொண்டுபோனது. பிழையை எங்கே சொல்வதென்றால் படித்த பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மேடைக்கு வந்தேன்.

முதலில் எங்கள் கல்லூரிக் கந்தோரை நினைத்துப் பாருங்கள். எங்கள் காலத்தில் எழுத்தருடைய மேசையில் ஒரு தட்டு இருக்கும். அதிபர் எழுதிய கடிதங்கள், பெற்றோருக்கான அறிவித்தல்கள், கல்வித் திணைக்களத்துக்கான படிவங்கள் எல்லாம் காலையிலிருந்து அதில் சேரும். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒருவர் தபாற்கந்தோருக்கு ஓடுவதில்லை. நாளில் ஒரு தடவை, வெயில் தணிந்த நேரம் பார்த்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு ஐயா ஒருவர் சைக்கிளில் போவார். பத்து மணிக்கு எழுதிய கடிதம் மூன்று மணிக்குப் போனால் ஒருவருக்கும் நட்டமில்லை.

அதே ஐயாதான் மணியும் அடிப்பார். சாதாரண தரப் பரீட்சை நடக்கும் நாட்களில், மணிக்கூட்டைப் பார்த்தபடி மணிக்குப் பக்கத்திலேயே நிற்பார். "இன்னும் நாலு மணி அடிக்கவேண்டியிருக்கிறது, சேர்த்து ஒரேயடியாக அடிப்போம்" என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆக, ஒரே மனிதருக்கு இரண்டு வகை வேலை. ஒன்று தபால் வேலை, மற்றது மணி வேலை. கைத்தொலைபேசிக்குள்ளும் இப்படித்தான். எந்த வேலை எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தவறியதுதான் என்னுடைய பிழை.

என் தாயார் யாழ்ப்பாணத்தில் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் நாங்கள் ஆளுக்கொரு நாட்டில். அம்மாவுக்கு நீரிழிவு. காலையில் சாப்பாட்டுக்கு அரைமணித்தியாலம் முந்தி ஒரு குளிசை, இரவில் இன்னொன்று. தொலைபேசியில் கதைக்கும்போதெல்லாம் "குளிசை போட்டீங்களா அம்மா?" என்று கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது, அவருக்கும் அலுத்துவிட்டது. தொழிலே செயலி எழுதுவதுதானே, அம்மாவுக்கென்று ஒன்று எழுதினால் என்ன என்று தோன்றியது. இரண்டு வார இறுதிகளில் எழுதி முடித்தேன். காலை 6.30க்குப் போன் மணியடித்து, தமிழில் பெரிய எழுத்தில் "காலைக் குளிசை போடும் நேரம்" என்று காட்டும். அம்மா "போட்டாச்சு" என்ற பொத்தானை அழுத்தினால் அந்தச் செய்தி என் போனுக்கு வந்துசேரும்.

அதைச் செய்வதற்கு நான் பிடித்த வழி இதுதான். அண்ட்ரொயிட் போன்களில் பின்னணிப் பணிகளை ஒழுங்குபடுத்துவதற்கு வேர்க்மனேஜர் என்று ஒரு வசதி உண்டு. கூகிள் நிறுவனம் 2018 இல் அறிமுகப்படுத்தியது. "இன்ன வேலையை இவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை செய்" என்று அதனிடம் பதிந்து வைக்கலாம். மிகக் குறைந்த இடைவெளி 15 நிமிடம். அதைவிடக் குறைத்துக் கேட்டாலும் 15 நிமிடமாகத்தான் எடுத்துக்கொள்ளும். "15 நிமிடத்துக்கு ஒரு தடவை எழும்பிப் பார். குளிசை நேரம் வந்திருந்தால் அம்மாவுக்குச் சொல்" என்று பதிந்து வைத்தேன். மிஞ்சினால் 15 நிமிடம் பிந்தும், பரவாயில்லை என்பது என் கணக்கு.

என் போனில் ஒரு மாதம் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு நாளும் பிசகவில்லை. ஊருக்குப் போனபோது அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சில வாரம் கழித்து ஒருநாள் காலை. அம்மா வழமைபோல எழும்பி, போன் சொல்லாமலே தன் பழக்கத்தில் குளிசையைப் போட்டுவிட்டு, காலைச் சாப்பாட்டையும் பேருக்குச் சாப்பிட்டிருக்கிறார். ஒன்பது மணியளவில் தம்பியுடன் கதைப்பதற்குப் போனை எடுத்தார். எடுத்த கையோடு போன் மணியடித்து, "காலைக் குளிசை போடும் நேரம்" என்றது. அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மகள் செய்த செயலி பிழை விடாது என்ற நம்பிக்கையில் இன்னொரு குளிசையையும் போட்டுவிட்டார். மதியத்துக்கு முன்னரே உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, குசினி வாசலில் இருந்துவிட்டார். பக்கத்து வீட்டு அன்ரி கண்டு, சீனித் தண்ணீர் கரைத்துப் பருக்கி, ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டு போனார். இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கியிருந்தது. ஓர் இரவு வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

"போன் அப்பதானே பிள்ளை சொன்னது. அப்ப நான் காலமை போடேல்லைப் போல எண்டு நினைச்சன்" என்று அம்மா சொன்னபோது என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அன்றிரவே என் நிரலை எடுத்து வைத்துக்கொண்டு, 6.30க்கு அடிக்கவேண்டியது ஏன் ஒன்பதுக்கு அடித்தது என்று தேடத் தொடங்கினேன்.

விடை பணிசெயல் முறைமையில் இருந்தது. தகவல் தொழில்நுட்பப் பாடப் புத்தகத்தில் நாம் மனனம் செய்த அதே பணிசெயல் முறைமைதான். 2015 இல் வந்த அண்ட்ரொயிட் 6 ஆம் பதிப்பிலிருந்து டோஸ் என்றொரு நிலை உண்டு. கோழித்தூக்கம் என்று நாங்கள் சொல்வோமே, அதுதான். போன் சார்ஜரில் இல்லை, திரை அணைந்திருக்கிறது, அசையாமல் ஓரிடத்தில் கிடக்கிறது என்றால், சற்று நேரத்தில் அது உறங்கத் தொடங்கும். அந்த நேரத்தில் செயலிகளுக்கு இணையம் கிடையாது. பதிந்து வைத்த பின்னணிப் பணிகள் ஓடா. இடையிடையே சிறிது நேரம் கண்விழித்து, தேங்கிய வேலைகளை ஒன்றாகச் செய்துவிட்டு மீண்டும் உறங்கும். உறக்கம் நீள நீள, அந்த விழிப்புகளுக்கு இடையிலான நேரமும் நீண்டுகொண்டே போகும். யாராவது போனைக் கையில் எடுத்துத் திரையை எழுப்பினால் உறக்கம் கலையும், காத்திருந்த வேலைகள் ஓடத்தொடங்கும்.

அம்மாவின் போன் இரவு முழுவதும் சுவாமித்தட்டுக்குப் பக்கத்து மேசையில் அசையாமல் கிடந்தது. அவர் அதை எடுத்தது ஒன்பது மணிக்கு. போன் சொன்ன சொல் தவறவில்லை. "15 நிமிடத்துக்கு ஒரு தடவை" என்பதை நான் கட்டளை என்று நினைத்திருந்தேன். அது ஒரு விண்ணப்பம் மட்டுமே. தபால் தட்டில் கடிதத்தைப் போட்டுவிட்டு, அது பரீட்சை மணிபோல அடிக்கும் என்று நான் காத்திருந்திருக்கிறேன்.

அப்படியானால் என் போனில் ஏன் ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது? மாணவிகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். செயலி எழுதுபவளின் போன் எப்போதும் கேபிளில் கணினியோடு பொருத்தப்பட்டிருக்கும். கேபிள் வழியே மின்சாரம் ஏறிக்கொண்டிருக்கும் போன் டோஸ் உறக்கத்துக்குப் போவதேயில்லை. மற்ற நேரங்களில் என் கையிலேயே இருக்கும். நான் சோதித்தது என்னுடைய வாழ்க்கையில். ஓடவேண்டியிருந்தது அம்மாவின் வாழ்க்கையில். இப்போது செயலி எதை எழுதினாலும் கேபிளைக் கழற்றி, போனை ஓர் இரவு மேசையில் போட்டுவிட்டுத்தான் காலையில் வந்து பார்ப்பேன். கணினியிலிருந்து ஒரு கட்டளை கொடுத்து போனைக் கட்டாயமாக உறங்கவைத்துச் சோதிக்கவும் வழியிருக்கிறது. அந்த வழி இருப்பது அப்போதும் எனக்குத் தெரியும். பயன்படுத்தத்தான் இல்லை.

போன் இப்படிக் கஞ்சத்தனம் காட்டுவது சரிதானா என்று நீங்கள் கேட்கலாம். 2022 மார்ச் மாத இறுதியில் இந்த நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நினைத்துப் பாருங்கள். பற்றரியில் மிஞ்சியிருந்த சொற்பத்தை எப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம்! ஒரு போனில் எத்தனையோ செயலிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு எழும்பி இணையத்தைத் தொட்டால், விடியும்போது பற்றரியில் ஒன்றும் இராது. சிறு தகவலொன்றை அனுப்பினாலும், அனுப்பி முடித்த பிறகும் சில செக்கன்களுக்கு வானொலிப் பகுதி விழித்தபடியே மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். ஆகவே பத்துப் பேருடைய கடிதங்களை ஒரே சைக்கிளில் அனுப்புவதுதான் சிக்கனம். போன் செய்ததில் பிழையில்லை. தபால் வேலைகளுக்கு அதுவே ஏற்ற முறை.

இனி, பிழையைத் திருத்திய விதத்தைச் சொல்கிறேன். முதலில் வேலைகளை இரண்டாகப் பிரித்தேன்.

குளிசை நேரத்தை அறிவிப்பது மணி வேலை. அதற்கு வேர்க்மனேஜர் உரிய இடமல்ல. காலையில் உங்களை எழுப்பும் அலாரம் டோஸ் உறக்கத்திலும் நேரத்துக்கு அடிக்கிறதல்லவா? அந்த வகையான துல்லிய அலாரத்தைத்தான் கேட்டுப் பெறவேண்டும். எல்லாச் செயலியும் இதைக் கேட்டால் சிக்கனம் கெட்டுப்போகும் என்பதால், 2021 இல் வந்த அண்ட்ரொயிட் 12 இலிருந்து இதற்குத் தனி அனுமதி வேண்டும். போனை அணைத்து மீண்டும் இயக்கினால் இந்த அலாரங்கள் அழிந்துபோகும் என்பதையும் மறக்கக்கூடாது. போன் எழும்பியவுடன் அவற்றைத் திரும்ப வைப்பது செயலியின் கடமை. மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில், பற்றரி தீர்ந்து அணைந்துபோன போனுக்கு இது சிறு விடயமல்ல.

"அம்மா போட்டாச்சு" என்ற செய்தியை எனக்கு அனுப்புவது தபால் வேலை. அது வேர்க்மனேஜரிடமே இருக்கட்டும். "இணையம் இருக்கும்போது மட்டும் அனுப்பு" என்று நிபந்தனை போடலாம். அனுப்ப முடியாமற் போனால், சற்றுப் பொறுத்துத் திரும்ப முயலும். மீண்டும் தவறினால் இன்னும் கூடுதலாகப் பொறுத்து முயலும். போனை அணைத்து இயக்கினாலும் பதிவு அழியாது.

இரண்டாவது திருத்தம். பிந்தி எழும்பும் எந்த வேலையும் முதலில் மணிக்கூட்டைப் பார்க்கவேண்டும். 6.30க்குச் சொல்லவேண்டியதை ஒன்பதுக்கும் அதே சொற்களில் சொன்னதுதான் அம்மாவை விழுத்தியது. இப்போது அரைமணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால், செயலி "போடுங்கள்" என்று சொல்லாது. "காலைக் குளிசை பற்றிப் பதிவில்லை. பெட்டியைப் பாருங்கள். சந்தேகமென்றால் போடவேண்டாம், மகளைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லும். இந்த வாசகத்தை அம்மாவின் வைத்தியரிடம் காட்டிக் கேட்டபிறகே எழுதினேன்.

மூன்றாவது பிழை நான் தேடாமலே அகப்பட்டது. அம்மா செயலியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும், அதே வேலையை நான் புதிதாகப் பதிந்திருக்கிறேன். சில வாரங்களில் ஒரே வேலை பல பிரதிகளாகப் பெருகிவிட்டது. அறிவித்தல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எண் கொடுத்திருந்தபடியால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, வெளியே ஒன்றாகத்தான் தெரிந்தது. பற்றரி மட்டும் வீணாய்த் தேய்ந்துகொண்டிருந்தது. பதியும்போது வேலைக்கு ஒரு பெயர் கொடுத்து, "இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதுவே போதும்" என்று சொல்லிவிட்டால் இது நேராது. வகுப்பு இடாப்பில் ஒரு பிள்ளையின் பெயர் ஒரு தடவைதானே இருக்கவேண்டும்.

இதனோடு ஒட்டிய இன்னொன்று. பின்னணிப் பணி பாதியில் நிறுத்தப்பட்டால் பிறகு ஆரம்பத்திலிருந்து ஓடும். ஆகவே ஒரே செய்தி இரண்டு தடவை போய்ச்சேரலாம். இரண்டு செய்தி வந்தால் இரண்டு குளிசை என்று என் போன் எண்ணிவிடக்கூடாது. ஒவ்வொரு வேளைக் குளிசைக்கும் திகதியும் வேளையும் சேர்த்து ஓர் அடையாளம் கொடுத்தேன். அதே அடையாளத்தோடு எத்தனை தடவை வந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

உங்களிற் பலரின் கையில் ஐபோன் இருப்பதைப் பார்க்கிறேன். அங்கே கட்டுப்பாடு இன்னும் அதிகம். 2019 இல் வந்த 13 ஆம் பதிப்பிலிருந்து இருக்கும் ஒழுங்கின்படி, "இன்ன நேரத்துக்கு முந்தி வேண்டாம்" என்று மட்டுமே செயலி கேட்கலாம். எப்போது என்பதை, நீங்கள் எந்தெந்த நேரம் எந்தச் செயலியைத் திறக்கிறீர்கள் என்பதையும் பார்த்து, போனே முடிவு செய்யும். கிடைப்பதும் ஏறத்தாழ அரை நிமிடம்தான். இன்னொன்று: செயலிகளை விரலால் மேலே தள்ளி மூடிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. போன் வேகமாக ஓடும் என்று நினைத்துச் செய்கிறோம். அப்படி மூடிய செயலியின் பின்னணிப் பணிகளை, நீங்கள் அதை மீண்டும் திறக்கும்வரை ஐபோன் எழுப்பாது. ஆனால் இன்ன நேரத்தில் அறிவி என்று முன்கூட்டியே போனிடம் ஒப்படைத்து வைத்த அறிவித்தல் நேரத்துக்கு வரும். அங்கும் தபால் வேறு, மணி வேறு.

செயலி எழுதப்போகும் மாணவிகளுக்கு இன்னொரு சொல். இடைவேளை மணி அடித்ததும் தண்ணீர்க் குழாயடியில் நாங்கள் முண்டியடித்தது உங்களுக்கும் பழக்கமானதுதானே. ஆயிரக்கணக்கான போன்கள் சரியாக நள்ளிரவு 12 மணிக்கு ஒரே சேவையகத்தைத் தட்டினால் அதுதான் நடக்கும். தபால் வேலைகளுக்குச் சரியான மணி குறிக்காதீர்கள். ஒவ்வொரு போனும் சில நிமிடம் முந்திப் பிந்திப் போகட்டும்.

வீட்டில் வயதானவர்களுக்குப் போன் வாங்கிக்கொடுக்கும் அக்காமாருக்கு மூன்று சொல். மருந்து நினைவூட்டும் செயலியைப் போட்டுக்கொடுத்தால், அறிவித்தலுக்கும் அலாரத்துக்கும் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். அதே இடத்தில் பற்றரிக் கட்டுப்பாட்டிலிருந்து அந்த ஒரு செயலிக்கு விலக்குக் கொடுங்கள். பிறகு போனைச் சார்ஜரில் போடாமல் ஓர் இரவு மேசையில் வைத்து, காலையில் நேரத்துக்கு அடிக்கிறதா என்று நீங்களே இருந்து பாருங்கள்.

கடைசியாக, எனக்கு மிகவும் உறைத்த விடயம். தொலைவில் இருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் இது பொருந்தும். முன்பு அம்மாவிடமிருந்து செய்தி வராவிட்டால், என் போனில் சிவப்பு எழுத்தில் "குளிசை போடவில்லை" என்று காட்டும்படி எழுதியிருந்தேன். எத்தனை நாள் அதைப் பார்த்துவிட்டு அம்மாவை ஏசியிருக்கிறேன்! அம்மா போட்டிருப்பார். செய்திதான் தபால் தட்டில் கிடந்திருக்கும். செய்தி வரவில்லை என்பது வேறு, குளிசை போடவில்லை என்பது வேறு. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல என் செயலி சொல்லியிருக்கிறது. இப்போது அந்த இடத்தில் "கடைசியாகச் செய்தி வந்தது இன்ன நேரம்" என்று மட்டும் காட்டுகிறது. அதைப் பார்த்தால் ஏசத் தோன்றுவதில்லை. கூப்பிட்டுக் கதைக்கத்தான் தோன்றுகிறது.

அம்மா இப்போது சுகமாக இருக்கிறார். செயலியையும் பாவிக்கிறார். ஆனால் அதன் பக்கத்தில், கிழமை நாட்கள் ஏழும் எழுதிய பிளாஸ்ரிக் மருந்துப் பெட்டி ஒன்றும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அறை வெறுமையாக இருந்தால் செவ்வாய்க்கிழமைக் குளிசை போட்டாயிற்று. பற்றரி வேண்டாம், இணையம் வேண்டாம், அனுமதி வேண்டாம். பல வருடம் செயலி எழுதிய நான், அம்மாவுக்குக் கொடுத்தவற்றில் ஆகச் சிறந்தது அந்தப் பெட்டிதான் என்பதை இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறேன்.

இந்த மண்டபத்துக்குள் வரும்போது அந்தப் பழைய மணி இன்னும் அதே இடத்தில் தொங்குவதைப் பார்த்தேன். மணியடித்த ஐயா இப்போது இல்லை. அடிக்கவேண்டிய நேரத்தில் அவர் மணிக்குப் பக்கத்தில் நின்றார் என்பதால்தான் நாங்கள் எல்லோரும் நேரத்துக்குப் பரீட்சை எழுதினோம். யாரோ ஒருவர் நம்பி இருக்கும் வேலையை எழுதும்போதெல்லாம், அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நிற்பு என் கண்ணுக்குள் வருகிறது.

நூறு வருடம் பிள்ளைகளை நேரத்துக்கு எழுப்பிவிட்ட எமது கல்லூரித் தாய்க்கு என் வணக்கம்.